சும்மா உட்கார வந்த புரதம்

கோதண்டபாணியின் மூளையில் இரண்டு செல்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. அநியாயத்துக்கு நல்ல செல்கள். முகச்செல் ஒரு முகத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கும். பெயர்ச்செல் உடனே அது யார், என்ன பெயர் என்று சொல்லும்.

ஒரு நாள் இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டுப் புரதம் வந்தது. "கொஞ்சம் தள்ளிக்குங்க, சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்" என்றது. இரண்டும் சிரித்தபடி இடம் விட்டன. அது போகவில்லை, மச்சானையும் சகலையையும் வரவழைத்து ஒட்டிக்கொண்டது.

குப்பை அள்ளும் செல் வந்து, "இதுங்களை வாரிட்டுப் போகவா?" என்று கேட்டது.

"ஐயோ, மூஞ்சிக்கு நேரா எப்படிப் போகச் சொல்றது? தப்பா நினைச்சுக்குவாங்க" என்று கிசுகிசுத்தது பெயர்ச்செல்.

"நம்ம ஆளுங்கதான்" என்று சமாளித்து அனுப்பியது முகச்செல்.

கும்பல் சுவராக இறுகியது. பெயர்ச்செல்லுக்கு மூச்சு முட்டியது. அப்போதும், "உங்களுக்கு இடம் போதுதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் செத்தது.

ஒரு காலையில் முகச்செல், நன்றாகத் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துக் குரல் கொடுத்தது. கத்தியும் பார்த்தது. பதில் இல்லை.

வெளியே கோதண்டபாணி, காபி டம்ளரோடு நின்ற மனைவியிடம் மரியாதையாகச் சொன்னார்:

"உட்காருங்கம்மா. யாரைப் பார்க்கணும்?"