ரோமாபுரியில் கரைத்த வெல்லம்

"வேண்டிக்கினது நீ. மொட்ட மட்டும் எனக்கா?"

"மரு யாரு மூக்குல இருந்துச்சி? எம் மூக்குலயா?"

கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போகிற பஸ். புரட்டாசி சனிக்கிழமை. எனக்கு முன் சீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. புதுவாயலில் ஏறினவர்களுக்கும் சீக்கிரமே முழு விவரம் தெரிந்துவிட்டது.

அவர் பெயர் தேசப்பன். பழவேற்காட்டுப் பக்கத்துக்காரர். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற ஃபேக்டரியில் ஃபிட்டர். புது மெஷினைப் பழகி வரச்சொல்லி கம்பெனி அவரை ஒரு மாதம் இத்தாலிக்கு அனுப்பியிருந்தது.

போகும்போது மூக்கு நுனியில் மிளகு அளவு மரு. மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும்போது மூக்கு சுத்தம்.

மருவை எடுத்தது யார் என்பதுதான் சண்டை.

அவர் மனைவி கங்கம்மாள் ஆடி அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் அவர் பேரைச் சொல்லி வெல்லம் கரைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தண்ணீரில் வெல்லம் கரைகிற மாதிரி உடம்பில் மரு கரையும். கரைந்தால் புருஷனுக்கு மொட்டை போடுவதாகவும் சேர்த்து வேண்டிக்கொண்டார்.

தேசப்பனுக்கோ காதை மூடுகிற முடி. இத்தாலிக்காரர்களைப் பார்த்து ஆசையாக வளர்த்தது. வருகிற வியாழக்கிழமை அங்கிருந்து இன்ஜினியர் வருகிறார், மெஷினைத் திறந்துவைக்க. எல்லோரும் நின்று போட்டோ.

"அந்தாளு பக்கத்துல நான் மொட்டையா நிக்கணுமா? மரு போனது ரோமாபுரில மே!"

ரோமாபுரி என்றதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஒரு சனி ஞாயிறு லீவில் ரயிலேறி ரோமாபுரி போயிருக்கிறார். ஊர் முழுக்க ஸ்கூட்டராம். தெருவுக்குத் தெரு பாட்டாம். கோட்டு போட்ட பெரிய மனுஷர்கள் நடுரோட்டில் நின்று ஐஸ் நக்குகிறார்களாம், ஒருத்தருக்கும் வெட்கமில்லையாம்.

அப்புறம் ஒரு குளம். தாடி வைத்த சாமி, குதிரை எல்லாம் கல்லில் செதுக்கியிருக்கிறது. ஜனங்கள் குளத்துக்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேலே காசு போடுகிறார்கள்.

காசு போட்டால் அது வேண்டுதல் குளம். இதுகூடத் தெரியாதா அவருக்கு?

கங்கம்மாள் அவலோடு கட்டிக் கொடுத்த வெல்லம் பையில் இருந்தது. பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"நின்னு நெதானமா கரைச்சேன் மே. போலீஸ்காரன் விசிலு ஊதிகினே ஓடியாறான். நானு 'வீரராகவா'ன்றேன், அவன் இன்னாவோ கத்தறான். சரி, உனுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும்னு அவன் கைலயும் ஒரு துண்டு குடுத்தேன்."

"கரைச்சானா?"

"துன்னுட்டான்."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார்.

"அடுத்த வாரமே மரு உழுந்துச்சி. அப்ப கடன் ரோமாபுரிக்குத்தான?"

"வெல்லம் எங்கூட்டு வெல்லம்யா. சொன்னது எங்க பெருமாள் பேரு. எந்தத் தண்ணீல கரைச்சா இன்னா?"

பஸ்ஸில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். தேசப்பன் ஆதரவு தேடித் திரும்பியபோது நான்தான் கண்ணில் பட்டேன்.

"நீ சொல்லு நைனா."

மடியில் இருந்த தகரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். சாமி விஷயம், விளையாட்டில்லை. மனசில் பட்டதைச் சொன்னேன்.

"வேண்டுனது வேண்டுனதுதாங்க. மொட்ட போட்டுடுங்க."

தேசப்பன் ஒரு தடவை முடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

திருவள்ளூரில் இறங்கினோம். குளத்தங்கரையில் அவரை உட்காரவைத்து, தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, தகரப்பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தேன்.

"அடப்பாவி, நீதானா?" என்றார்.

முப்பது வருஷமாக நான்தான். பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை.

முன்பக்கம் முடிந்தது. உச்சிக்கு வந்தபோது கத்தி எதிலோ இடித்து நின்றது. முடியை விலக்கிப் பார்த்தேன்.

மரு. சுண்டைக்காய் அளவு. மூக்கில் இருந்ததைவிடப் பெரிசு.

கங்கம்மாள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"இது உன் ரோமாபுரி பண்ண வேலய்யா. மூக்குலேந்து எட்த்து மண்டைல வச்சிகீது!"

"ரோமாபுரி சுத்தமா எட்த்துச்சி மே. உன் வெல்லந்தான் குறுக்க பூந்து மேல தள்ளிவுட்டுச்சி!"

வருகிற வழியெல்லாம் எங்கள் குளம், எங்கள் குளம் என்று சண்டை போட்டவர்கள். இப்போது உன் குளம், உன் குளம்.

இந்த மரு யார் கணக்கு என்று தெரியாமல் மீதியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தேசப்பன் பாதி மொட்டையோடு எழுந்துவிட்டார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போயேவிட்டார்.

வியாழக்கிழமை போட்டோவிலும் தலைப்பாகையோடுதான் நின்றாராம். இத்தாலி இன்ஜினியருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், தனக்கும் ஒன்று கட்டச்சொல்லி நின்றாராம். அப்புறம் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் துண்டு.

இவ்வளவும் நடந்து ஒரு மாதம் ஆகிறது. துண்டுக்கு அடியில் பாதித் தலை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேரும் வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள். மற்ற தலைகள் வரிசையில் காத்துக்கிடக்கின்றன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படித்தவர்கள் நீங்கள் சொல்லுங்கள். மீதியை எடுக்கலாமா, கூடாதா? குளத்தங்கரை, திருவள்ளூர் என்று போட்டு ஒரு கார்டு எழுதுங்கள். தகரப்பெட்டிக்காரர் என்றால் தபால்காரருக்குத் தெரியும்.