ஒட்டுவாரொட்டி

"அவளை முதல்ல ரூமை விட்டு வெளிய அனுப்புங்க மேடம்! அந்தக் காய்ச்சல்காரியோட இனிமே ஒரு நிமிஷம் என்னால இருக்க முடியாது!"

மகளிர் விடுதியின் சாப்பாட்டுக்கூடமே திரும்பிப் பார்த்தது. வார்டன் முன்னால் தட்டை 'டங்'கென்று வைத்துவிட்டு நின்றாள் கடுகு. எதற்கெடுத்தாலும் வெடிக்கிறவள் என்று வந்த புதிதிலேயே விழுந்த பட்டப்பெயர் அது.

ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ரத்தம் கொதித்தது.

அக்கா என்றால் மாடி முழுவதற்கும் அக்கா. கடைசி வருஷம். யாருக்குத் தலைவலி என்றாலும் தைலத்தோடு போய் நிற்பாள். அவளுக்கும், கடுகுக்கும், முதல் வருஷத்துப் பாப்பாவுக்கும் ஒரே அறை. பாப்பா காய்ச்சலில் விழுந்ததிலிருந்து ஈரத்துணி போடுவது, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டுவது எல்லாம் அக்காதான். வீட்டுக்குத் தெரிந்தால் பதறுவார்கள் என்று பாப்பாவின் ஃபோனைக்கூட வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். கடுகோ ஒரு கை கொடுக்காமல் உர்ரென்று உட்கார்ந்திருப்பாள்.

"நாக்குல நரம்பில்லாம பேசாதடி! பச்சைப்புள்ள, அனலாக் கொதிக்கிறா."

"அதான் சொல்றேன்! உடம்பெல்லாம் சிவப்பு சிவப்பா தடிச்சிருக்கு. ஒட்டுவாரொட்டியா இருந்தா என்ன பண்றது? எனக்கு ஒட்டும், உங்களுக்கு ஒட்டும், இங்க சாப்பிடற எல்லாருக்கும் ஒட்டும்!"

அவ்வளவுதான். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவ ஓடினார்கள்.

வார்டன் அக்காவைப் பார்த்தார். "நீ சாதாரணக் காய்ச்சல்னுதானே சொன்னே?"

"சாதாரணக் காய்ச்சல்தான் மேடம். நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாப்போமே..."

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வேலைக்கான இன்டர்வியூ. ஒட்டுகிற நோய் என்று ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், கூட இருந்தவர்களையும் ஒரு வாரம் அறைக்குள்ளேயே வைத்துவிடுவது விடுதிச் சட்டம். அதற்காகவா அப்படிச் சொன்னாள்? சேச்சே! முன்பின் தெரியாதவர்கள் கையில் பாப்பாவை ஒப்படைக்க மனசு வரவில்லை. கேட்டால் அப்படித்தான் சொல்லுவாள். நம்பவும் செய்தாள்.

ஆனால் கூடமே கதிகலங்கிப் போன பிறகு வார்டனால் என்ன செய்ய முடியும்? சாயங்காலமே வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது பாப்பா அழுதாள். கடுகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அக்காவும் கடுகும் அறையில் அடைபட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

"மனுஷியாடி நீ? நோயில கிடந்தவளைக் குப்பையைத் தள்ற மாதிரி தள்ளிட்டியே!"

கடுகு வாயைத் திறக்கவில்லை. ஒன்று கேட்டால் ஒன்பது பேசுகிறவள்! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

வாரம் முடிந்து கதவு திறந்ததும் அக்கா சும்மா இருக்கவில்லை. மாடி முழுக்கச் சொன்னாள். கடுகு வந்து உட்கார்ந்தால் மேஜையே காலியாயிற்று. குழாயடியில் அவள் வாளியைக் காலால் தள்ளினார்கள். "காய்ச்சல் ஒட்டாட்டியும் இவ புத்தி ஒட்டிக்கும்டி, தள்ளி நில்லு" என்று ஒருத்தி சொல்ல, வராந்தாவே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் கடுகு பெட்டி படுக்கையோடு விடுதியை விட்டே போனாள். விட்டது சனி என்று அக்கா அறையைக் கழுவிவிட்டாள்.

பாப்பா திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள். அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"டாக்டர் என்ன கண்ணு சொன்னார்?"

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பிழைச்சிருக்க மாட்டேனாம்."

"நல்லவேளை! கடவுள் காப்பாத்தினார்."

பாப்பா அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்றாவது கட்டிலில் மெத்தை இல்லை.

"கடுகக்கா எங்க?"

"அந்த ராட்சசியா? துரத்திட்டேன்! உன்னை அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்தினவளை இந்த அக்கா சும்மா விடுவாளா? மாடியில ஒரு ஈ காக்கா அவகிட்ட பேசலை. தாங்க முடியாம மூட்டை கட்டிட்டா."

பாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"போகும்போதாவது... உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்லுவா? சொல்றதுக்கு மூஞ்சி வேணுமே!"

பாப்பா விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். "சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். உங்க மனசு நோகும்னு."

"என்ன உளர்றே?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன்! வெள்ளிக்கிழமை ஆகட்டும், ஆகட்டும்னீங்க. வார்டன் வந்து என்னைக் கேட்டாலும் நீங்களே பதில் சொன்னீங்க. கடுகக்கா தனியாப் போய்ச் சொல்லிப் பாத்தாங்க, வார்டன் உங்களைத்தான் நம்பினாங்க. அதனாலதான் நீங்க குளிக்கப் போன நேரம் பாத்து அவங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன் அக்கா... என்ன பழி வந்தாலும் பரவாயில்ல, எப்படியாவது என்னை இந்த ரூமை விட்டு வெளிய தள்ளிடுங்கன்னு."