இரண்டும் ஓடவேணும்

"பழைய கேமும் ஓடவேணும், புதுக் கேமும் ஓடவேணும். ரெண்டும் ஓடுமோ, தம்பி?"

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா திரும்பவும் அதையே கேட்டார். பெயர் குணலட்சுமி. கரவெட்டியில் இருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் ரவுனுக்கு வந்தவர்.

"ஓமம்மா, சோக்கா ஓடும்," என்றான் மயூரதன்.

பொய்.

அவன் நீட்டிய கையடக்கக் கேம் கம்பியூட்டரில் பழைய கேம் எல்லாம் பறக்கும். புதுக் கேம் போட்டால், மாடிப்படி ஏறிய மயூரதனைப் போல அரைவழியில் நின்று மூச்சு வாங்கும். இரண்டும் ஓடுகிற நல்லது பின்னால் அலுமாரிக்குள், பெட்டி உடைக்காமல் இருந்தது. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் நல்லது தானாக விற்றுவிடும். இதுதான் மாதக் கணக்காகக் கிடக்கிறது. "உது போகாட்டில் நீ போ," என்று முதலாளி காலையில் அன்பாகச் சொல்லியிருந்தார். மயூரதனுக்குச் சம்பளம் அவனுடைய வாய்க்குத்தான். மிச்ச உடம்பு இலவசம்.

குணலட்சுமி சூடான சட்டியைப் பிடிப்பது போல, சேலைத் தலைப்பால் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"கறுப்பே நல்லது. சாப்பிட்ட கையோடை தொடுவான். ஊத்தை தெரியாது."

"மகன் கனடாவோ, லண்டனோ? பிளக் வேறை வேறை, அதுதான் கேக்கிறன்."

அவர் காசை எண்ணத் தொடங்கினார்.

இந்த ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள் விசாவுக்குக் காத்திருப்பவர்கள். மயூரதனுக்கு அது தெரியும். அவனும் பாஸ்போட்டும் கையுமாகக் காத்திருந்து, வயிறு மட்டும் வளர்ந்தவன். இரண்டு நாட்டுப் பிளக்கையும் பெட்டிக்குள் போட்டான். பெரிய கொடைவள்ளல்.

"எனக்கு உதுகள் ஒண்டும் விளங்காது, தம்பி. அவன் வாயைத் திறந்து கேட்டது உதொண்டுதான். பிழைச்சுப் போகக் கூடாது."

"நான் இருக்கிறன்தானே, அம்மா."

காசு கட்டி முடிந்தது. வாசலோரம் வைத்துவிட்டு வந்த பையைக் காட்டி, அதற்குள் வைத்துவிடச் சொன்னார்.

மயூரதன் குனிந்து பையைத் திறந்தான்.

ஒரு குடை. பித்தளைச் செம்பு. புது வேட்டி. சுருட்டிய பாய். ஒரு சோடிச் செருப்பு.

அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள், ஐயருக்குத் தானமாகக் கொடுக்கிற சாமான்கள். ஐயர் கையில் கொடுத்தால் செத்துப் போனவரிடம் போய்ச் சேரும் என்று கொடுப்பது.

அப்பா செத்தபோது அவனும் இதெல்லாம் கொடுத்தவன்தான். கெட்டிக்காரன், ஐயரின் கால் அளவை முதலே கேட்டு வைத்துக்கொண்டுதான் செருப்பு வாங்கினான். வீணாகப் போகக் கூடாதே.

இந்தச் செருப்பைத் திருப்பிப் பார்த்தான்.

பதினோராம் நம்பர்.

அவருடைய வடமராட்சிப் பக்கம் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு பெரிய காலுக்கு ஒரு ஐயர் கிடைக்கமாட்டார். இது ஐயரை நினைத்து வாங்கியது அல்ல.

குணலட்சுமி வாசலில் நின்று, பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயூரதன் பெட்டியைப் பைக்குள் வைக்கவில்லை.

"அம்மா, உதிலை புதுக் கேம் ஓடாது."

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்து போய், அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடத் தொடங்கினான்.

திறப்பு அவன் கையில்தான் இருந்தது. நெடு நேரம் அதைத் தேடிக்கொண்டு நின்றான்.