நூற்றுக்குப் பதினைந்து

"தம்பி, நீர் போனில போக்கர் விளையாடுறனீர், என்ன?"

கதவைத் திறந்த ஜெஸ்ரினுக்கு 'வாங்கோ மாமா' என்று சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை. மழையில் நனைந்த ஜக்கெற்றோடு யாக்கோப்பு வாசலில் நின்றார். அவருடைய மகள் பிறேமினிக்கும் ஜெஸ்ரினுக்கும் இன்னும் ஆறு கிழமையில் கலியாணம். கோயிலில் பாதர் கலியாண அறிவித்தல்கூட வாசித்துவிட்டார். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற மனிதர், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோர்ண்டன் ஹீத்திலிருக்கும் அவனது வாடகை அறைக்குத் தனியாக வந்திருக்கிறார்.

"ஆர் மாமா சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. போன ஞாயிறு எங்கட வீட்டில சாப்பிடேக்க மேசைக்குக் கீழ வைச்சு அமத்திக்கொண்டு இருந்தீர். நான் கண்டனான்."

ஜெஸ்ரினுக்குக் காது சுட்டது. மாமியார் அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் நண்டுக்கறி போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் குட்டித் திரையை எட்டி நின்றே இவர் கண்டுவிட்டாரே!

"இருங்கோ மாமா. தேத்தண்ணி..."

"வேண்டாம். பிறேமினிக்குத் தெரியுமோ?"

"இல்லை." தலை தானாகக் குனிந்தது.

"சரி. கேக்கிறதுக்கு உண்மையைச் சொல்லும். காசுக்கோ விளையாடுறீர்?"

"ஓம்... இப்ப சின்னக் காசுக்குத்தான்."

அறையிலிருந்த ஒரே கதிரையில் யாக்கோப்பு உட்கார்ந்தார். ஜெஸ்ரின் கட்டில் ஓரத்தில் ஒடுங்கினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனையையும் ஒரு பழைய கடித உறையையும் எடுத்தார். எழுதிக்கொண்டுபோய்ப் பாதரிடம் காட்டப் போகிறாரோ?

"முதல்ல ரெண்டு சீட்டு வருமெல்லோ? நூறு தரம் வந்தா, அதில எத்தினை தரம் விளையாடுவீர்?"

"பதினைஞ்சு. கூடினா இருபது. மிச்சத்தை விளையாடாம அப்பிடியே கீழ போட்டிடுவன்."

"அவ்வளவு கொஞ்சமோ?"

அவர் நம்பவில்லை என்று இவனுக்குப் பட்டது. "சத்தியமா மாமா."

"கிங்கும் நாலும் வந்தா?"

"போட்டிடுவன்."

"ரெண்டும் ஒரே இனமா, ஆட்டினா இருந்தாலும்?"

"ஓம். எனக்குப் பிறகு விளையாட ஆக்கள் இருந்தா போட்டிடுவன். கடைசி ஆளா இருந்தாத்தான் கொஞ்சம் தளர்த்தலாம்."

யாக்கோப்பு ஒன்றையும் விடாமல் எழுதினார். எவ்வளவு தூரம் இதில் ஊறிப்போனவன் என்று அளந்து பார்க்கிறார் என நினைத்தான் ஜெஸ்ரின். பதில் சரியாக வரவர, குற்றம் கூடிக்கொண்டே போவதுபோல இருந்தது.

"முந்தியும் இப்பிடித்தானோ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"இல்லை மாமா. முந்தி வந்த கையெல்லாம் விளையாடினனான். சீட்டைப் போட்டிட்டுச் சும்மா இருக்க என்னால ஏலாது. போட்ட பிறகு நல்ல சீட்டு விழுந்திடுமோ எண்டு மனம் கிடந்து அடிக்கும். தோக்கத் தோக்கக் கட்டுப்பாடு இன்னும் தளரும். கடைசியில ரெண்டும் ஏழும்கூட நல்ல கையாத் தெரியும்."

"பிறகு?"

"கையில இருந்த காசெல்லாம் போயிட்டுது. வேலை போயிட்டுதெண்டு மன்னாரில இருக்கிற அம்மாவுக்குப் பொய் சொன்னனான். அவ காப்பை அடகு வைச்சு அனுப்பினவ. அதையும்..."

நாலு வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை, பெண் தரப்போகிற மனிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

யாக்கோப்பு பேனையைக் கீழே வைத்தார். அவனைப் பார்க்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அது போன பிறகும் அவர் திரும்பவில்லை. அருவருப்புத்தான் என்று ஜெஸ்ரின் நினைத்தான்.

"அம்மாவுக்கு உண்மையைச் சொன்னீரோ?"

"இன்னும் இல்லை."

"ஏன்?"

"என்னெண்டு மாமா சொல்லுறது? அவ என்னை நல்லவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா."

"ஓம்," என்றார் யாக்கோப்பு மெல்ல. "அது கஷ்டம்தான்."

அந்தத் தணிந்த குரலை ஜெஸ்ரினால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தாலாவது பரவாயில்லை. எழுந்து மேசையிலிருந்த போனை எடுத்தான்.

"மாமா, பிறேமினிக்கு இண்டைக்கு நானே சொல்லுறன். அதுக்குப் பிறகு நீங்கள் கலியாணத்தை நிப்பாட்டினாலும் உங்களில பிழையில்லை. இஞ்ச பாருங்கோ, உங்கட கண்ணுக்கு முன்னாலயே இதை அழிக்கிறன்."

யாக்கோப்பு பாய்ந்து அவனுடைய கையைப் பிடித்தார்.

"அழிச்சுப்போடாதையும் தம்பி! மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் எண்டு பிறேமினி சேர்த்துத் தந்த காசு முழுக்க நான் இதிலதான் விட்டிட்டன்... அதைத் திரும்ப வெல்லுறதுக்கு, எந்தக் கையை விளையாடுறது எண்டு நீர்தான் எனக்குச் சொல்லித்தர வேணும்."