ஒட்டிக்கொண்ட சொல்

சாப்பாட்டு மேசை முழுக்கச் சொற்குறிப்புச் சீட்டுகள். ஆங்கில அகராதிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகளுக்கு இன்று ‘ஹுட்’ என்ற விகுதியின் முறை. சீட்டு பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருக்கிறாள். எதிரே மாமனார் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, முணுமுணுக்காமல் வியர்த்து விறுவிறுத்துச் சாப்பிடுகிறார். தனிக்கட்டையாக இருந்தவர், ஒரு வாரம் என்று சொல்லி வந்தார், மழைக்காலமே முடிந்துவிட்டது. சட்டைகள் இன்னும் பையில், பை இன்னும் வாசற்கதவோரம். நூற்றாண்டு வாரியாக அடுக்கிய சீட்டுகள்மேல் சன்னல் கம்பிகளின் நிழல் சாய்ந்து கிடக்கிறது. மிகப் பழையவற்றின்மேல் உப்பு ஜாடி, புதியவற்றின்மேல் அவருடைய கண்ணாடிக் கூடு.

“அதுக்குன்னு தனியா அர்த்தம் கிடையாதாம்மா?”

“இருந்துச்சு மாமா. ஆள், நிலைமை, அந்தஸ்துன்னு தனிச்சொல்லாவே இருந்துச்சு. அப்புறம் சைல்ட்ஹுட், நெய்பர்ஹுட்னு மத்ததோட சேந்துக்கிச்சு.”

“தனியா இருந்தது என்னாச்சு?”

“வழக்கத்துலயே இல்லாமப் போச்சு. ஒட்டிக்கிட்டதுதான் இன்னிக்கும் புதுசு புதுசா சொல்லு குடுத்துக்கிட்டிருக்கு.”

“பொழைக்கத் தெரிஞ்ச சொல்லு,” என்று சிரித்தபடி தட்டைக் கழுவ எழுகிறார். அவள் சீட்டுகளைச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டு, மின்விசிறியைத் தட்டிவிடுகிறாள். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே திரும்பி வருகிறார்.

“ஏம்மா, ஹேங்கர் ஏதாச்சும் சும்மா கெடக்கா?”

அவள் நிமிர்ந்து பார்க்காமல் மோவாயால் அலமாரியைக் காட்டுகிறாள். அவர் திறக்கிறார். மகனுடைய சட்டைகளை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு, அவர் வந்த அன்றே அவள் மாட்டிவைத்த வெறும் ஹேங்கர்கள், மின்விசிறிக் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக் கலகலக்கின்றன.