நீதிமன்ற வாசலில் செண்பகவல்லி

கிடங்கில் இரும்பு அடுக்கு சரிந்து முதுகெலும்பு முறிந்த நாளிலிருந்து செண்பகவல்லிக்குக் கட்டில்தான் உலகம். ஆனாலும் அவள் கேட்ட உதவித்தொகையை நீதிமன்றம் மறுத்துவிட்டது. படுத்தபடியே மனதால் ரோபோவை இயக்கி அவளால் வேலை செய்ய முடியுமாம். அதனால் அவள் ஊனமுற்றவள் இல்லையாம்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். கிடங்கில் கண்விழித்த அவளுடைய ரோபோ ஒரு பெட்டியைக்கூடத் தொடாமல் வெளியேறி, நீதிமன்ற வாசலுக்கு நடந்து, குறுக்கே உட்கார்ந்தது.

காவலர் ஓடிவந்தார். "எந்திரி, வழியை மறிக்காதே!"

"ரோபோ எந்திரிக்கும் சார்," என்றாள் செண்பகவல்லி அதன் வாய்வழியே. "என்னாலதான் முடியாது. அதைத் தீர்ப்புல எழுதச் சொல்லுங்க. அதுவரைக்கும் நகர மாட்டேன்."

அதற்குள் இன்னொரு ரோபோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"சாத்தூர்லருந்து பேசுறேன்க்கா," என்றது ஓர் ஆண்குரல். "எனக்கும் இதே தீர்ப்புதான். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, இன்னும் ஆளு வருது."