பெருநாள் ஆடு

"ஆடு கிடையாதாம்!"

கேன்டீனுக்குள் நுழைந்ததும் லம்ஜத் போட்ட சத்தத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லார் கையிலும் கரண்டி நின்றுவிட்டது.

"என்னப்பா சொல்றே?"

"இந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கம்பெனி ஆடு தராதாம். மதாமோட உத்தரவு!"

யூனியன் தலைவன் வாயிலிருந்து வந்தால் பொய்யாக இருக்காது. ஜர்ஜிஸ் எரிவாயு ஆலையில் எது நின்றாலும் பெருநாள் ஆடு மட்டும் நின்றதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஆடு கத்தும்போது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

மதாம் ரவ்தா டைரக்டராக வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வந்த வேகத்தில் கம்பெனி பஸ்ஸை நிறுத்தினார். அப்புறம் ஏசியை. அப்புறம் கேன்டீனில் போடும் குஸ்குஸ் சாப்பாட்டில் கறி காணாமல் போய்ப் பூசணிக்காய் மிதந்தது. இப்போது ஆட்டிலேயே கை வைத்துவிட்டார்.

"அந்தம்மா மட்டும் என்ன வாழுது?" என்றான் ஹாதி. ஆலை ஓடுகிற வரைக்கும் அதன் உச்சியில் எரியும் தீயைக் கவனிப்பது அவன் வேலை. "கம்பெனி காரை வித்துட்டு நம்ம கூட ஷேர் டாக்ஸியிலதானே இடிபட்டு வருது. இதே பூசணிக்காயைத்தான் அதுவும் திங்குது."

"நடிப்புடா, நடிப்பு! நீ என்ன, அந்தம்மாவுக்கு வக்கீலா?"

"அதுக்கில்லை லம்ஜத். கிணத்துல வாயு குறைஞ்சுபோச்சு. எதையாவது வெட்டித்தானே ஆகணும்?"

"தாராளமா வெட்டட்டும். ஆட்டை வெட்டட்டும்!"

கேன்டீனே குலுங்கிச் சிரித்தது.

மறுநாள் காலையில் யாரும் ஆலைக்குள் போகவில்லை. அத்தனை பேரும் கேட்டருகே கூடிவிட்டார்கள். வீட்டிலிருந்து பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மதாம் ஷேர் டாக்ஸியிலிருந்து இறங்கியதும் லம்ஜத் கையை உயர்த்தினான்.

"தெகாஜ்!"

வெளியே போ! இந்த நாட்டில் அந்த ஒரு வார்த்தைக்குப் பெரிய பெரிய நாற்காலிகளே காலியாகியிருக்கின்றன. ஒரு கம்பெனி டைரக்டர் எம்மாத்திரம்?

"தெகாஜ்! தெகாஜ்!"

"ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க..." என்றார் மதாம். "இந்த வருஷம் மட்டும் பொறுத்துக்கோங்க. புதுக் கிணறு தோண்டினதும்..."

"முதல்ல ஆடு! அப்புறம் கிணறு!"

"தெகாஜ்!"

அதற்கு மேல் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. வெயில் ஏறியது. கூட்டம் அசையவில்லை. மதாம் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தார்கள். கண்தான் கலங்கியிருந்தது.

"சரி, போயிடறேன்" என்றார். ஹாதி நின்ற பக்கம் திரும்பி, "தீ மட்டும் அணையாம பார்த்துக்கப்பா" என்றார்.

"நாங்க பார்த்துக்கறோம், நீ கிளம்பு தாயே!" என்று யாரோ கத்த, பெண்கள் குலவையிட்டார்கள். மதாம் புழுதி படிந்த அந்தச் சாலையில் தனியாக நடந்து போனார். ஹாதிக்கு மனசு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் கூட்டத்தோடு சேர்ந்து அவனும் கை தட்டினான்.

இரண்டே நாளில் லாரி வந்தது.

லாரி நிறையச் செம்மறி ஆடு! கொழுத்த வால், முறுக்கின கொம்பு, ஒன்றுகூட நோஞ்சான் இல்லை.

"பார்த்தீங்களாடா?" லம்ஜத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. "அடிச்சுக் கேட்டாத்தான் எதுவும் கிடைக்கும்! என்ன ஹாதி, இப்ப என்ன சொல்றே?"

ஹாதி கையிலும் ஒரு ஆட்டுக் கயிறு இருந்தது.

லாரிக்குப் பின்னாலேயே ஒரு கறுப்புக் கார். தலைநகர் துனிஸில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கோட்டுக்காரர் இறங்கி, நேராக லம்ஜத்திடம் வந்து கட்டித் தழுவி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"ரொம்ப நன்றி தம்பி. உங்களுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம்."

"நாங்கதானே சார் உங்களுக்கு நன்றி சொல்லணும்?"

"அட, நீங்க வேற! இந்த ஆலையை மூடிடலாம்னு நாங்க ஒரு வருஷமா தலையால தண்ணி குடிக்கிறோம். அந்தம்மா விட்டாத்தானே? பஸ்ஸை நிறுத்தறேன், ஏசியை நிறுத்தறேன், கறி வேண்டாம், கார் வேண்டாம், ஆடுகூட வேண்டாம், ஆனா ஒரு ஆளைக்கூட வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க."

லம்ஜத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்?"

"மூடற பேச்சு வெளியே வந்தா புதுக் கிணத்துக்கு யாரும் பணம் போட மாட்டாங்களாம். அதான் வாயைத் திறக்கலை. நாங்களாவது அவங்களை அனுப்பிடலாம்னு பார்த்தா, நீங்க ஸ்டிரைக் பண்ணிடுவீங்களோன்னு பயம்." கோட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "கடைசியில நீங்களே முடிச்சுக் குடுத்துட்டீங்க!"

ஆடுகள்தான் கத்திக்கொண்டிருந்தன.

அவர் அண்ணாந்து ஆலையின் உச்சியைப் பார்த்தார். "அது எதுக்கு இன்னும் எரியுது? யாருப்பா அதுக்கு ஆள்? அணைச்சுடு."

ஹாதி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

கோட்டுக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்தார்.

"சரி சரி, அவங்கவங்க ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போங்க."